ஒரே லேண்ட்லைன், வீடு முழுக்க வைஃபை: டயல்-அப் பகிர்வு எங்கே இடிக்கும், ஏன்?

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் 2000-களின் முதல் பாதியில் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், இரண்டாவது கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு கேள்வியும் கூடவே வரும். இருக்கிற ஒரே லேண்ட்லைனில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நெட் பார்க்க முடியுமா? முடியும். ஒயர் இழுக்காமல் வைஃபையிலேயே முடியும். அதைச் செய்யப் புறப்பட்டவர்கள் பெரும்பாலும் வைஃபையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். சிக்னல் பின்கட்டு வரை எட்டுமா, எந்த ரவுட்டர் வேகமானது என்று விசாரித்தார்கள். உண்மையில், மோடம் என்ற கருவி லேண்ட்லைனில் ஓர் எண்ணை அழைத்து நெட்டில் சேர்க்கும் டயல்-அப் முறையில் பகிர்வைத் தீர்மானிப்பவை இரண்டு: கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் செம்பு ஒயரின் நிலை, அந்த ஒயரில் யார் எதை எப்போது அனுப்பலாம் என்கிற ஒழுங்கு. சிம் போட்ட யுஎஸ்பி டாங்கிளையோ செல்போன் ஹாட்ஸ்பாட்டையோ நான்கு பேர் பகிரும் இன்றைய வீட்டுக்கும் இவை பொருந்தும்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1999-ல் வந்த 802.11பி வைஃபையின் பெயரளவு வேகம் நொடிக்கு 11 மெகாபிட். கையில் கிடைப்பது சுமார் 5. சுவர்களைத் தாண்டிச் சிக்னல் நலிந்தால் 5.5, 2, 1 மெகாபிட் என்று பெயரளவு வேகம் படிப்படியாக இறங்கும். டயல்-அப்பின் உச்சவரம்போ 56 கிலோபிட். நல்ல லைனில் 44 முதல் 50 வரை ஓடும். வைஃபை தன் கடைசிப் படியான 1 மெகாபிட்டில் தத்தளித்தாலும் தொலைபேசி ஒயரைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் அகலமாகத்தான் இருக்கிறது. பின்கட்டில் சிக்னல் ஒரு கோடு காட்டினாலும் வேகம் குறையாது, இணைப்பு அறாமல் இருந்தால் போதும்.

ஆகவே மோடத்தையும் வைஃபை பெட்டியையும் எங்கே வைப்பது என்பதற்கு, இன்றைய பிராட்பேண்ட் வீடுகளுக்குச் சொல்லும் ஆலோசனை பொருந்தாது. இன்று ரவுட்டரை வீட்டின் நடுவில் வை என்கிறோம். டயல்-அப்பில் மோடத்தை, தொலைபேசி ஒயர் வீட்டுக்குள் வந்து முடியும் ரோசெட் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். தொலைபேசி ஒயரை நீட்டி நடுக்கூடத்துக்குக் கொண்டுபோனால் வைஃபைக்குக் கிடைக்கும் லாபத்தைவிட லைனில் வரும் நஷ்டம் அதிகம். ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டைப் பழைய வீடுகளின் கனத்த சுண்ணாம்புச் சாந்துச் சுவரும், மாடியில் போட்ட தகர ஷீட்டும் சிக்னலைத் தின்னும்தான். தின்ற பிறகு மிஞ்சுவதே டயல்-அப்புக்கு ஏராளம்.

இந்த இரண்டு தொழில்நுட்பங்களும் சென்னை வீடுகளில் ஒன்றாக இருந்த காலம் குறுகியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று. 2000 அக்டோபரில் பிஎஸ்என்எல் உருவானது. 172-ல் தொடங்கும் எண்களை அழைத்து இணையத்துக்குள் போவது பழக்கமானது. 2004-ன் பிராட்பேண்ட் கொள்கை குறைந்தபட்ச வேகத்தை 256 கிலோபிட் என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் பிராட்பேண்ட் சேவையான டேட்டாஒன் வந்தது. அதே ஆண்டில்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என்ற விதிகளும் வந்தன. அதாவது வைஃபை வீட்டுக்குள் தாராளமாக நுழைந்தபோது டயல்-அப் வெளியே போகத் தொடங்கியிருந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்த கருவி அதற்கும் முந்தையது: 1999-ல் ஆப்பிள் வெளியிட்ட ஏர்போர்ட் பேஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே 56கே மோடம் இருந்தது. கம்ப்யூட்டரை வாசலாக வைத்துப் பகிரும் வசதி விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே, அதே 1999-ல், வந்துவிட்டது.

செம்பும் உப்புக்காற்றும்

56கே என்பது எல்லா லைனிலும் கிடைக்கிற வேகம் கிடையாது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுக்குள் குரல் நொடிக்கு 8,000 மாதிரிகளாக வெட்டப்பட்டு 64 கிலோபிட் டிஜிட்டல் ஓடையாகப் போகிறது. 1998-ல் வந்த வி.90 என்ற மோடம் முறை இதைப் பயன்படுத்திக்கொள்கிறது. இணைய நிறுவனத்தின் பக்கம் முழுக்க டிஜிட்டலாக இருந்து, எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீடு வரையிலான ஒரே ஒரு துண்டு மட்டும் அனலாகாக (தொடர் மின் அலையாக) இருந்தால்தான் 56 சாத்தியம். நடுவில் இன்னொரு அனலாக்-டிஜிட்டல் மாற்றம் நுழைந்தால் வேகம் 33.6-க்கு மேல் ஏறாது. மண்ணடி, சௌகார்பேட்டை கடைகளில் இன்டர்காம் பெட்டி வழியாக மோடத்தைக் கொடுத்துவிட்டு, வேகம் ஏறவில்லை என்று மோடத்தை மாற்றிக்கொண்டே இருந்தவர்களுக்கு விடை இதுதான். மோடத்தை இன்டர்காமுக்கு முன்னால், நேரடி லைனில் இணைக்க வேண்டும். மேல்நோக்கிய வேகம், அதாவது வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் வேகம், வி.90-ல் எப்படியும் 33.6-க்கு மேல் போகாது. 2000-ல் வந்த வி.92 அதை 48 வரை உயர்த்தியது; எதிர்முனையும் வி.92 பேசினால் மட்டும்.

எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒயர் நேராக வீட்டுக்கு வருவதில்லை. தரைக்கடி கேபிள் பில்லர் என்ற தெருவோர இணைப்புப் பெட்டிக்கு வரும், அங்கிருந்து கம்பத்திலுள்ள டிபி பெட்டி, அங்கிருந்து வீட்டுக்கு இழுத்த டிராப் ஒயர், கடைசியில் வீட்டு ரோசெட். ஒவ்வொரு இடத்திலும் ஒரு இணைப்பு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் இந்த இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு ஏறிய இணைப்பில் பேசினால் குரல் கேட்கும், லேசாகக் கரகரக்கும், அவ்வளவுதான். மோடத்துக்கு அந்தக் கரகரப்பு ஒவ்வொன்றும் தொலைந்த தகவல். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைக்கடி இணைப்புகளில் தண்ணீர் இறங்கினால் நிலைமை இன்னும் மோசம். வெயில் காலத்தில் 46 காட்டிய அதே லைன் மழைக்காலத்தில் 28-க்கு இறங்குவதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

லைனைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். ரிசீவரை எடுத்து ஏதாவது ஒரே ஓர் இலக்கத்தை அழுத்துங்கள். டயல் டோன் நிற்கும். அடுத்த சில நொடிகள் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முழு அமைதி என்றால் லைன் நலம். படபடவென்று வெடிப்பது போலக் கேட்டால் எங்கோ தளர்ந்த அல்லது களிம்பேறிய இணைப்பு. தொடர்ந்து உறுமல் கேட்டால், டிராப் ஒயர் மின்சார ஒயரோடு ஒட்டி ஓடுகிறது, அல்லது ஒரு கம்பி ஈரச் சுவரில் கசிகிறது. வீட்டுக்குள் நீங்களே செய்யக்கூடியது: ரோசெட்டைத் திறந்து, கறுத்த செம்பு முனையை வெட்டி எறிந்து, புதுச் செம்பு தெரியும்படி சீவித் திருகை இறுக்குவது. மோடத்துக்குப் போகும் தட்டை ஒயர் 2 மீட்டருக்கு மேல் வேண்டாம். அது முறுக்கப்படாத ஒயர் என்பதால் நீளம் கூடக்கூட இரைச்சலைச் சேர்த்துக்கொள்ளும். தூரம் தவிர்க்க முடியாவிட்டால் நெட்வொர்க் கேபிளில் ஒரு முறுக்கு ஜோடியைப் பயன்படுத்துங்கள். மாடிக்கும் பின்கட்டுக்கும் கூடுதல் போனுக்காகப் போட்டுவைத்த பேரலல் ஒயர்களில் பயன்படாதவற்றைக் கழற்றிவிடுங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் வெறும் ஒயரும் லைனைக் கெடுக்கும்.

வி.90 வேகங்கள் 1,333 பிட் படிகளாக ஏறும்: 44,000, 45,333, 46,667 என்று. சில லைன்களில் மோடம் 49,333-ல் ஒட்டிக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சுத் திணறி மறுபடி வேகத்தைப் பேசித் தீர்க்கும். அந்த நொடிகளில் வீட்டில் எல்லோருக்கும் நெட் நிற்கும். இப்படிப்பட்ட லைனில் உச்ச வேகத்தை 40,000 அளவில் நிறுத்திவைப்பது நல்லது. பல மோடங்களில் அதற்குக் கட்டளை உண்டு. பகிரும் வீட்டுக்கு வேகத்தைவிட நிலைத்தன்மை முக்கியம்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. நம் டயல் டோன் 400 ஹெர்ட்ஸ் ஒலி, 25 ஹெர்ட்ஸால் அசைக்கப்பட்டது. அமெரிக்காவின் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. அந்த ஊர் அமைப்போடு வந்த மோடம் நம் டோனை அடையாளம் காணாமல் 'டயல் டோன் இல்லை' என்று திரும்பிவிடும். மோடத்தின் நாட்டு அமைப்பை இந்தியா என்று மாற்றுங்கள். அது இல்லையென்றால், தொடக்கக் கட்டளையில் 'ஏடி எக்ஸ்3' சேருங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும், ஆனால் எதிர்முனை பிஸி என்றால் தெரிந்துகொள்ளும்.

வாசல் எது?

பகிர்வதற்கு ஒரு வாசல் வேண்டும். இணைய நிறுவனம் தருவது ஒரே ஒரு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் உங்களைக் குறிக்கும் எண். வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகள் இருக்கும். வாசல் கருவி வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் (தகவல் துண்டிலும்) தன் முகவரியை எழுதி, அதிலுள்ள போர்ட் என்ற அடையாள எண்ணை வைத்து எது யாருடையது என்று நினைவில் கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்க்கும்.

கம்ப்யூட்டரையே வாசலாக்குவது எளிய வழி. விண்டோஸ் எக்ஸ்பியில், முதலில் அந்த ஒரு கம்ப்யூட்டரில் டயல்-அப் ஒழுங்காக ஓடுகிறதா என்று பாருங்கள். பயனர் பெயர், கடவுச்சொல்லை 'இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும்' என்று சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் லாகின் செய்யாத நேரத்தில் மற்றவர்களுக்காக அது டயல் செய்யாது. பிறகு அந்த டயல்-அப் இணைப்பின் பிராப்பர்டீஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குப் போய்ப் பகிர்வை இயக்குங்கள். உடனே அந்தக் கம்ப்யூட்டரின் உள்நெட்வொர்க் முகவரி 192.168.0.1 ஆகிவிடும், மற்றவற்றுக்கு முகவரி வழங்கும் வேலையையும் அதுவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 7 முதல் இந்த முகவரி 192.168.137.1.

இங்கேதான் பலர் மாட்டிக்கொண்டார்கள். வைஃபைக்காக வாங்கிய ரவுட்டரும் தன் பங்குக்கு முகவரி வழங்கும். இரண்டு பேர் வழங்கினால் சில கம்ப்யூட்டர்களுக்கு நெட் வரும், சிலவற்றுக்கு வராது. நாளைக்கு அதுவே மாறியும் இருக்கும். பல டி-லிங்க் ரவுட்டர்களின் பிறவி முகவரியே 192.168.0.1 என்பதால் மோதல் நிச்சயம். செய்ய வேண்டியது இது: ரவுட்டரின் முகவரியை 192.168.0.250 என்று மாற்றுங்கள், முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபியை நிறுத்துங்கள், கம்ப்யூட்டரிலிருந்து வரும் கேபிளை வெளி இணைப்புக்கான வேன் (WAN) துளையில் செருகாமல், உள்நெட்வொர்க்குக்கான நான்கு லேன் (LAN) துளைகளில் ஒன்றில் செருகுங்கள். ரவுட்டர் இப்போது வெறும் வைஃபை பெட்டி. அந்தக் கம்ப்யூட்டர் தூங்கிப்போனால் வீடே துண்டிக்கப்படும் என்பதால் ஸ்டாண்ட்பையை அணைத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத வாசல் இன்னும் நல்லது. ஏர்போர்ட் பெட்டியைப் போல மோடம் உள்ளேயே இருப்பவை ஒரு வகை. சீரியல் துளை வழியாக வெளி மோடத்தை ஏற்கும் ரவுட்டர்கள் இன்னொரு வகை. இன்று செய்து பார்க்க விரும்புகிறவர் ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டர் ஒன்றையும் யுஎஸ்பி மோடம் ஒன்றையும் வைத்தே முடித்துவிடலாம். மோடம் தேர்வில் கவனம் வேண்டும். ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்த உள்மோடங்களில் பெரும்பாலானவை வின்மோடம் வகை; மோடத்தின் வேலையைக் கம்ப்யூட்டரின் மூளையே செய்ய வேண்டும், அதற்கு விண்டோஸ் டிரைவர் வேண்டும். ரவுட்டரிலோ லினக்ஸிலோ அது வெறும் அட்டை. சீரியல் ஒயரில் இணையும் வெளி மோடமோ, யுஎஸ் ரோபாடிக்ஸ் 5637 போலக் கட்டுப்பாட்டுச் சில்லு உள்ளேயே இருக்கும் யுஎஸ்பி மோடமோதான் உதவும். சீரியல் துளையின் வேகத்தை 115,200 என்று வைத்து, தகவல் பெருகினால் நிறுத்திவைக்கும் ஃப்ளோ கண்ட்ரோலை ஹார்டுவேர் முறைக்கு மாற்றுங்கள். 56கே மோடத்துக்கு 115,200 எதற்கு? மோடங்கள் எழுத்தைச் சுருக்கி அனுப்பும். விரிந்த பிறகு அது லைன் வேகத்தைவிடப் பெரிதாக இருக்கும். துளை குறுகலாக இருந்தால் அந்த லாபம் போய்விடும்.

கரண்ட் கட்டான நேரத்திலும் பெட்டி வாசலுக்கே அனுகூலம். செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வருவதால் லைன் உயிரோடு இருக்கும். மோடமும் வைஃபை பெட்டியும் சேர்ந்து 10 வாட் இழுத்தால், 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி கணக்குப்படி எட்டு மணி நேரம், நடைமுறையில் ஐந்து மணி நேரம் தாங்கும். பேட்டரியை இணைக்குமுன் அடாப்டர் ஸ்டிக்கரைப் படியுங்கள். சில வெளி மோடங்களின் அடாப்டர் ஏசி மின்சாரம் தரும் வகை. வோல்ட் அளவு பொருந்தாத கருவிக்கும் இந்தப் பேட்டரி ஆகாது.

வரிசையில் நிற்கும் பாக்கெட்டுகள்

44 கிலோபிட்டில் 1 எம்பி இறங்க 3 நிமிடம் 10 நொடி ஆகும். மூன்று பேர் பகிர்ந்தால் தலைக்குச் சுமார் 15 கிலோபிட். கேட்கக் கொடுமையாக இருந்தாலும், மூவரும் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தால் சமாளிக்கலாம். ஒருவர் படிக்கும் நேரத்தில் லைன் மற்றவருக்குக் கிடைக்கிறது. ஒருவர் பெரிய கோப்பைத் தொட்டால்தான் சிக்கல். தெருக்குழாயில் ஒருவர் 200 லிட்டர் டிரம்மை வைத்துவிட்டால், ஒரு செம்பு தண்ணீருக்கு வந்தவரும் அது நிரம்பும்வரை நிற்க வேண்டியதுதான்.

இதில் இறக்குவதைவிட ஏற்றுவது அதிகம் படுத்தும். 1 எம்பி போட்டோவை மெயிலில் 31.2 கிலோபிட்டில் அனுப்ப நாலரை நிமிடம் பிடிக்கும். அந்த நாலரை நிமிடமும் மற்றவர்களின் இணையக் கோரிக்கைகள் அந்தப் போட்டோவுக்குப் பின்னால் நிற்கும். 1,500 பைட் பாக்கெட் ஒன்று வெளியேறவே 0.38 நொடி. இருபது பாக்கெட் முன்னால் நின்றால் ஏழரை நொடி கழித்துத்தான் உங்கள் கிளிக் வீட்டைவிட்டே வெளியேறும். இறங்கிக்கொண்டிருப்பதும் நின்றுபோகும், ஏனென்றால் 'கிடைத்தது' என்று சொல்லும் சின்னப் பதில்களும் அதே வரிசையில்தான் நிற்கின்றன. வேகமே இல்லை என்று எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுக்குமுன், வீட்டில் யாராவது எதையாவது ஏற்றுகிறார்களா என்று பாருங்கள்.

பாக்கெட் அளவை 576 பைட்டாகக் குறைத்தால் ஒரு பாக்கெட்டுக்கு ஆகும் நேரம் 0.15 நொடியாகும். மொத்த வேகத்தில் சிறு நஷ்டம் உண்டு, ஆனால் காத்திருப்பு பாதிக்குமேல் குறையும். பகிரும் வீட்டுக்கு இந்தப் பேரம் லாபம். வரிசையைக் குட்டையாக வைப்பது இன்னொரு வழி. லினக்ஸில் டயல்-அப்புக்குப் பயன்படும் பிபிபி இணைப்பின் வரிசை இயல்பாகவே 3 பாக்கெட்தான். சின்னப் பாக்கெட்டுகளுக்கும் தளப் பெயருக்கு முகவரி தேடும் கேள்விகளுக்கும் முன்னுரிமை கொடுங்கள். பெரிய கோப்புகளை ராத்திரிக்குத் தள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் ஸ்குவிட் போன்ற இடைநிலைச் சேமிப்பு பெரிய கைகொடுப்பாக இருந்தது. ஒருவர் பார்த்த படங்களை அடுத்தவருக்கு வீட்டுக்குள்ளிருந்தே தரும். இன்று தளங்கள் பெரும்பாலும் குறியாக்கத்தோடு வருவதால் வாசல் கருவிக்கு உள்ளே இருப்பது தெரியாது, சேமிக்கவும் முடியாது. மோடத்தின் சுருக்கமும் அதில் செல்லாது. சராசரிப் பக்கமும் 2 எம்பியைத் தாண்டிவிட்டது. மெல்லிய லைனைப் பகிர்வது அன்றைவிட இன்று கடினம் என்பதற்குக் காரணம் இவைதான்.

கேட்காமலே டயல் செய்யும் வீடு

யாராவது நெட்டைத் தொட்டதும் தானாக டயல் செய்யும் வசதி ஆபத்தானது. கம்ப்யூட்டர்கள் ஆள் இல்லாதபோதும் பேசுகின்றன: நேரம் சரிபார்த்தல், வைரஸ் தடுப்பின் புதுப்பிப்பு, விண்டோஸ் அப்டேட், பக்கத்துக் கம்ப்யூட்டரின் பெயரைத் தேடும் கூப்பாடு. ஒவ்வொன்றும் ஒரு போன் கால். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் துண்டி என்று வைத்திருப்பீர்கள்; நாலு நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று எட்டிப் பார்ப்பதால் அந்த ஐந்து நிமிடம் வரவே வராது. மாதக் கடைசியில் பில்லில் தெரியும். விண்டோஸ் பக்கத்துக் கம்ப்யூட்டர்களோடு பேசப் பயன்படுத்தும் போர்ட் 137 முதல் 139 வரையும், 445-ம் வெளியே போகாமல் வாசலிலேயே தடுங்கள். தானியங்கிப் புதுப்பிப்புகளைக் கையால் செய்வதாக மாற்றுங்கள். இவ்வளவும் செய்ய மனமில்லை என்றால் தானாக டயல் செய்வதையே அணைத்துவிட்டு, ஒருவர் பொறுப்பில் இணைப்பதும் துண்டிப்பதும் போதும்.

லைன் நெட்டில் இருக்கும்போது வீட்டுக்கு வேறு அழைப்பு வராது. கால் வெயிட்டிங் இருந்தால் அதன் பீப் ஒலி மோடத்தைத் துண்டிக்கும். எதிர்முனை ஒலி அறுந்தால் எவ்வளவு நேரம் பொறுத்துவிட்டுத் துண்டிப்பது என்பதை மோடத்தின் எஸ்10 என்ற அமைப்பு நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணும். பல மோடங்களில் இயல்பாக 14, அதாவது 1.4 நொடி. அதை 50 ஆக்கினால் குறுகிய பீப்பைத் தாண்டிப் பிழைக்க வாய்ப்புண்டு. பேரலல் போனை யாராவது எடுத்தால் எதுவும் காப்பாற்றாது.

ஒண்டுக்குடித்தன வீடுகளும் ஒட்டு ஒட்டாக நிற்கும் வாரிய அடுக்குமாடிகளும் நிறைந்த பகுதியில் பூட்டாத வைஃபை கூடவே கூடாது. தானாக டயல் செய்யும் அமைப்பில் பக்கத்து வீட்டு லேப்டாப்பே உங்கள் போனில் கால் போடும். வைஃபையின் பழைய பூட்டு முறையான வெப் (WEP) 2001-லேயே உடைக்கப்பட்டது. பழைய எக்ஸ்பியில் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் நேரடி வைஃபை அமைத்தால் அந்தப் பழைய பூட்டுதான் கிடைக்கும் என்பதால் தனி வைஃபை பெட்டியும் டபிள்யூபிஏ2 பூட்டும் அவசியம். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரின் பூட்டாத வைஃபை வழியாகப் போனதாக விசாரணையில் தெரிந்தது. சம்பந்தமே இல்லாத அவர் வீட்டுக் கதவைத்தான் போலீஸ் முதலில் தட்டியது.

டாங்கிளுக்கும் ஃபைபருக்கும்

சிம் போடும் யுஎஸ்பி டாங்கிள்களில் பல, பழைய முறையில் இயங்கும்போது, கம்ப்யூட்டருக்கு மோடமாகவே தெரியும். *99# என்ற எண்ணை டயல் செய்து அதே பிபிபி முறையில்தான் இணையும். அங்கே செம்பு ஒயரின் இடத்தில் டவருக்கும் டாங்கிளுக்கும் இடையிலான காற்று இருக்கிறது. ஆகவே டாங்கிளையோ ஹாட்ஸ்பாட் போனையோ டவர் சிக்னல் நன்றாக வரும் ஜன்னலோரம் வையுங்கள். ஆட்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியதில்லை, வீட்டுக்குள் மீதித் தூரத்தை வைஃபை பார்த்துக்கொள்ளும். போட்டோக்கள் தானாகக் கிளவுடுக்கு ஏறுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

லேண்ட்லைன் எண் ஃபைபருக்கு மாறிய வீடுகளில் பழைய மோடத்தை ஓட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபைபர் பெட்டியின் போன் துளையிலிருந்து வருவது இணையப் பாக்கெட்டாக்கப்பட்ட குரல். ஜி.729 போல மனிதக் குரலுக்கென்று சுருக்கும் முறை அதில் இருந்தால் மோடத்தின் ஒலி சிதைந்து இணைப்பே ஏற்படாது. குரலை 64 கிலோபிட்டாகவே அனுப்பும் ஜி.711 முறையும், எதிரொலி நீக்கம் அணைக்கப்பட்ட நிலையும் இருந்தால் இணையக்கூடும்; அப்போதும் மோடத்தின் உச்ச வேகத்தை 14.4-லிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியாக மேலே ஏற்றிப் பாருங்கள்.